சுவருக்குள் ஒரு ஜாயிண்ட்

போன சித்திரையில் அப்பாவைப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்றார் டாக்டர். "தூசி ஆகாது, புழுக்கம் ஆகாது. ஒரு ரூமுக்கு ஏசி போட்டு அதுல படுக்க வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆயுசு முழுக்க வெயிலில் நின்ற ஆளுக்கு ஏசியா என்று அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நான் தஞ்சாவூரில் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஊருக்கு வெளியே, வயலைத் தூர்த்து மனை போட்ட நகர் ஒன்றில் வீடு. நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா இறந்ததும் குத்தாலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவரை அழைத்து வந்தேன். ஆறு வருடம் ஆகிறது.

ஏசி வந்து இறங்கிய மறுநாள் காலையில் கடையிலிருந்து மெக்கானிக்கை அனுப்பினார்கள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பைக்கின் பின்னால் துளை போடும் மெஷினும் சுருட்டிய காப்பர் பைப்பும் கட்டியிருந்தன. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தவர், அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும் நின்றார்.

"நீ எங்க பண்ணையில இருந்த ஆளுதான?"

அப்பா எழுந்துவிட்டார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, எழுந்து நின்றார். "ஆமாங்கய்யா. சின்னய்யாங்களா? அடையாளமே தெரியலிங்களே" என்றார்.

எனக்கு அடையாளம் தெரிந்தது. குரலிலேயே தெரிந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐப்பசி மாதம். மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். அப்பாவுக்குத் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயிருந்தேன். அப்பா முறை மாற்றி வேறு வயலுக்கு மடை திறந்துவிட்டார் என்று இவர் பைக்கில் வந்து இறங்கினார். இருபது வயது இருக்கலாம். மிராசுதார் வீட்டு இளைய பிள்ளை. அப்பாவின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினார். "போய் எடுறா" என்றார். வாய்க்கால் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. அப்பா முழுகினார், வெறுங்கையோடு எழுந்தார். மறுபடி முழுகினார். மூன்றாவது முறை அவர் தலை வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று. நான் வாளியைப் போட்டுவிட்டுக் கத்தினேன். இவர் கரையில் நின்று, என் கத்தலைப் பார்த்துச் சிரித்தார். அப்பா மண்வெட்டியோடு எழுந்து வந்து, அதைக் கழுவி, இவர் காலடியில் வைத்தார்.

இதை எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதா, 'அவன்' என்று எழுதுவதா என்று யோசித்தேன். 'அவர்' என்றே எழுதுகிறேன். மரியாதையால் அல்ல, கைப்பழக்கம்.

அந்தக் குடும்பத்தின் நிலமெல்லாம் பாகப்பிரிவினை, வழக்கு, விற்பனை என்று கரைந்துபோனது எனக்கு முன்பே தெரியும். இவர் வளைகுடாவில் ஏசி வேலை கற்றுக்கொண்டு திரும்பியவர், இப்போது தஞ்சாவூரில் வாடகை வீட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் அப்பா நின்றுகொண்டே விசாரித்ததில் தெரிந்தது. "பெரியம்மா நல்லாருக்காங்களா? அண்ணன் எங்க இருக்காங்க?" என்று ஒவ்வொருவராக விசாரித்தார். பதிலுக்கு இவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஒக்காரு, ஒக்காரு" என்று மட்டும் சொன்னார், என் வீட்டில், என் அப்பாவைப் பார்த்து.

அப்போதே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால், பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன். என் வீட்டுச் சுவரில் ஏணி போட்டு இந்த ஆள் வேலை பார்க்கட்டும் என்று ஒரு கெட்ட ஆசை.

என்னிடம் பேசும்போது அவர் ஒரு தந்திரம் செய்தார். 'நீ' என்றும் சொல்லவில்லை, 'நீங்க' என்றும் சொல்லவில்லை. "பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?" "ஏணி கெடைக்குமா?" "வெளியில வைக்கிற பெட்டி பின்பக்கமா, மாடியிலயா?" இப்படியே ஆளில்லாத வாக்கியங்களாகப் பேசினார். நானும் அப்படியே பதில் சொன்னேன். "பின்பக்கம்." "ஏணி மாடிப்படிக்குக் கீழ."

பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. லீவு கிடையாது. அவர் சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போதே நான் கிளம்பிவிட்டேன். அப்பா கூடவே இருந்தார்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது அறை குளிர்ந்திருந்தது. அப்பா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். மூச்சு சத்தமில்லாமல் வந்துபோனது. அந்தச் சத்தமின்மையைக் கேட்டபடி கொஞ்ச நேரம் கதவருகில் நின்றேன்.

"சீக்கிரம் முடிச்சிட்டாரா?" என்றேன்.

"நல்லாத்தான் பாத்தாரு பாப்பா" என்றார்.

பத்தாம் நாள் அறை குளிரவில்லை. மெஷின் ஓடுகிறது, காற்று வருகிறது, ஆனால் மின்விசிறிக் காற்று மாதிரி வருகிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வெளியே வைத்த யூனிட்டில் மெல்லிய பைப்பில் மட்டும் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. கேஸ் குறைந்தால் அப்படி ஆகும் என்று தெரியும். கடைக்குச் சொல்லி, அவர் நம்பர் வாங்கிப் பேசினேன்.

"ஃபில்டர எடுத்துக் கழுவினா சரியாப் போயிடும்" என்றார்.

"பத்து நாளான மெஷின்ல ஃபில்டர் அடைக்காதுங்க. கேஸ் லீக் ஆகுது."

"டீச்சர் வேலை பாக்கறவங்க ஏசி வேலையும் பாக்கலாம்னா, நாங்கல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, நான் முகாமில் இருக்கும்போது வந்து, கேஸ் நிரப்பிவிட்டுப் போய்விட்டார். எங்கே ஒழுகியது என்று பார்த்தாரா என்று அப்பாவிடம் கேட்டேன். "பாத்தாரும்மா. ஒண்ணும் இல்லன்னாரு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை. இப்போதுதான் கவனிக்கிறேன்.

நிரப்பிய கேஸ் எட்டு நாள் தாங்கியது. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத வெயில். மத்தியானம் அப்பா கட்டிலில் படுக்க முடியாமல், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருப்பார். தோள்பட்டை இரண்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். நெபுலைசரை முகத்தில் வைத்துக்கொண்டே நான் கடைக்குப் போன் செய்து கத்துவேன். அப்பா கண்ணால் 'வேண்டாம்' என்பார்.

இரண்டாம் முறை கேஸ் நிரப்ப மெக்கானிக் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பிரஷ்ஷும் தயாராக வைத்திருந்தேன். ஒழுகும் இடத்தில் நுரை கொப்புளிக்கும். எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம்தான். கேஸ் நிரப்பியதும் வெளி யூனிட்டின் இரண்டு நட்டிலும் தடவினேன். ஒன்றுமில்லை. உள் யூனிட்டைத் தூக்கி அதன் பின்னால் இருந்த நட்டுகளில் தடவினேன். ஒன்றுமில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார். "நான்தான் சொன்னேன்ல. உள்ள காயில்ல லீக். கம்பெனி ஃபால்ட். கம்பெனிக்காரன்தான் வரணும். ஒரு மாசம் ஆவும்."

"சுவத்துக்குள்ள போற பைப்ப பாக்கணும்" என்றேன்.

"அது ஒரே பைப். நடுவுல ஜாயிண்ட் கெடையாது. ஜாயிண்ட் இல்லாத எடத்துல எப்புடி ஒழுகும்?"

"டேப்பப் பிரிச்சுப் பாக்கலாமே."

"பிரிச்சா குளிர் நிக்காது. அப்புறம் என்னைய சொல்லக் கூடாது."

கட்டிலிலிருந்து அப்பா, "வுடு பாப்பா, அவருக்குத் தெரியாதா" என்றார். நான் விட்டேன். அப்பா சொன்னதற்காக விட்டேன்.

அந்தக் கேஸ் ஆறு நாள்கூட நிற்கவில்லை. இந்த முறை கடைக்கு நேரில் போனேன். மேனேஜர் மேஜை முன்னால் உட்கார்ந்து, நைட்ரஜன் அடைத்து முழு பைப்பையும் சோதித்துப் பார்க்காமல் எழுந்து போகமாட்டேன் என்று சொன்னேன். மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சிலிண்டரோடு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

நைட்ரஜனை ஏற்றி மீட்டரை மாட்டினார். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முள் நின்றது. பிறகு மெதுவாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், இறங்கத் தொடங்கியது. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய், சுவர்த் துளையை அடைத்திருந்த ஒயிட் சிமெண்டைக் குத்தினேன்.

"செவுத்த ஏன் ஒடைக்கிறது? இது என்ன வேலை?" என்றார்.

"என் செவுரு" என்றேன்.

அப்பா, "பாப்பா, வேணாம்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. நான் திரும்பவில்லை. சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. பைப்பைச் சுற்றியிருந்த வெள்ளை டேப்பைக் கத்தியால் கீறி, கறுப்பு நுரைக்குழாயை ஒதுக்கி, சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினேன். உலை கொதிக்கிற மாதிரி நுரை பொங்கி வந்தது.

சுவரின் நட்டநடுவில் ஒரு ஜாயிண்ட். எங்கோ மிச்சமான துண்டுப் பைப்பை வைத்து ஒட்டியிருந்தார். பற்றவைப்பு சரியாகப் பிடிக்காமல் ஒரு பக்கம் கருகிப் பொத்தலாக இருந்தது. கொண்டு வந்த பைப் நீளம் போதவில்லை. போய் வேறு வாங்கி வர மனமில்லை. அதை ஒட்டி, சுற்றி, சுவருக்குள் தள்ளி, மேலே சிமெண்ட் பூசிவிட்டார்.

"ஜாயிண்ட் இல்லன்னீங்களே. இது என்னங்க?" என்றேன்.

அவர் ஸ்பேனரை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"கம்பெனி ஃபால்ட்டுன்னீங்களே. அவரு ஒரு மாசமா மூச்சு வுட முடியாம ஒக்காந்திருக்காரே, கண்ணெதிர பாத்தீங்கல்ல? பாத்துட்டே பொய் சொன்னீங்கல்ல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைக் கையால் காட்டினார். "ஒங்கப்பன கேளு. அவன் முன்னாடிதான் ஒட்டுனேன். அவனுக்கு எல்லாம் தெரியும்."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த ஒரு நிமிடம் யார் மேல் கோபம் வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையில் சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. அது வழிந்து அப்பாவின் கட்டில் விரிப்பில் சொட்டியது.

"அவன் இவன்னு பேசுனா நடக்கறதே வேற" என்றேன். "இப்ப நீ போயி புதுப் பைப் வாங்கிட்டு வர்ற. முழுப் பைப்பு. ஒரு ஜாயிண்ட் இருக்கக் கூடாது. வந்து மாட்டி, நைட்ரஜன் அடிச்சு, முள்ளு எறங்காம அரை மணி நேரம் நிக்கிறத காட்டிட்டுத்தான் நீ இந்த வீட்ட வுட்டுப் போற."

நீ என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அறையில் ஏதோ உடைந்தது மாதிரி இருந்தது. அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஆனால் கத்தியது அவரில்லை.

"ஏய்! யாரப் பாத்து என்ன பேசற?" என்றார் அப்பா.

என்னை அவர் ஏய் என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. கை ஓங்கக்கூடச் செய்தார். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுத் தானே எடுத்து உறிஞ்சினார். அந்தச் சந்தடியில் மெக்கானிக் வெளியே போய், பைக்கை எடுக்கும் சத்தம் கேட்டது. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் புதுப் பைப்போடு வந்தார்.

வேலையைச் சொல்லியாக வேண்டும். இந்த முறை ஒரு குறை சொல்ல முடியாது. பழைய பைப்பை உருவி எறிந்தார். புதியதைச் சுவர் வழியாக ஒரே நீளமாக விட்டார். முனையைப் பிசிறு தட்டி, விளிம்பை விரித்து, எண்ணெய் தொட்டு, நட்டைக் கையால் சுற்றி, பிறகு ஸ்பேனரால் முறுக்கினார். அவசரமில்லாத, பழகிய கை. இப்படிச் செய்யத் தெரிந்த ஆள்தான் என் வீட்டில் அப்படிச் செய்தார் என்பது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

நைட்ரஜன் ஏற்றினார். முள் நின்றது. அசையவே இல்லை. பிறகு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச வேக்குவம் பம்ப்பைப் போட்டார். முதல் தடவை அதைச் செய்தாரா என்று கேட்கவில்லை. பம்ப் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் தரையில், நான் நாற்காலியில், அப்பா கட்டிலில். வேறெங்கும் போக யாராலும் முடியவில்லை. புழுக்கத்தில் மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது.

நான்தான் ஆரம்பித்தேன். "அன்னிக்கு எங்கப்பா மம்பட்டியப் புடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த வாய்க்கால்?"

"ஒங்க பம்புசெட்டுக் கிட்ட. ஐப்பசி வெள்ளம். மூணு தடவ முழுகுனாரு. நீங்க கரையில நின்னு சிரிச்சீங்க."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். மறைக்கிறவரின் முகம் இல்லை அது. தேடியும் கிடைக்காதவரின் முகம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்கு அது ஒரு நாளாகக்கூட மிஞ்சவில்லை.

"அப்புடி ஒண்ணும் நடக்கலிங்கய்யா" என்றார் அப்பா. "சின்னப்புள்ள, எதையாச்சும் கனவு கண்டிருக்கும்."

"அப்பா!"

"நடக்கல பாப்பா."

பம்ப் ஓடி முடிந்தது. அவர் கேஸை எடை போட்டு நிரப்பினார். ஏசியைப் போட்டுக் காட்டினார். காற்று குளிர்ந்து வந்தது. துளையைத் தானே புது சிமெண்டால் அடைத்தார். கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். அப்பா வாசல் வரை போக எழுந்தார். பாதியில் மூச்சு முட்டி, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவர் திரும்பி வந்து உட்காரும் வரை பொறுத்திருந்து கேட்டேன். "தெரிஞ்சிருந்தும் ஏம்ப்பா சொல்லல? செத்துப் போயிருப்பீங்க."

போர்வை ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"பைப்பு பத்தல. வேற வாங்கியாரணும்னாரு. அப்புறம் அவரே ஒட்டிட்டாரு. ஒட்டிட்டு என்னைய பாத்து, 'பொண்ணுகிட்ட சொல்லிடாத, வேல போயிடும்'னாரு. நாப்பது வருசம் அவங்க வீட்டுல வேல பாத்தேன். எல்லாரும் 'செய்டா'ன்னு சொல்லித்தான் பழக்கம். எங்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டது அன்னிக்குத்தான். சரின்னுட்டேன்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். ஒனக்குப் புரியாது."

எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அவர் தந்த அந்த வாக்குக்கு ஒரு மாதம் விடியவிடிய உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துவிட்டவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தூக்கத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லவும் சொன்னேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து போன் வந்தது. வேலை திருப்தியா, மெக்கானிக் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். வேண்டாம் என்று அவர் வாய் திறந்து கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டுப் பைப், சுவர், சிமெண்ட், மூன்று பொய்கள். போனில் எடுத்து வைத்திருந்த படங்களையும் அனுப்பினேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து சர்வீசுக்கு வேறொருவர்தான் வருகிறார். முன்பு வந்தவர் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை.

மூன்று நாள் அப்பா என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிடுவார், மாத்திரையைக் கொடுத்தால் விழுங்குவார். நானும் பேசவில்லை. நான்காம் நாள் மத்தியானம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ரிமோட்ட எங்க வச்ச? ரொம்பக் குளுருது."

எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு அமுக்கத் தெரியவில்லை. நானே வாங்கி இரண்டு டிகிரி கூட்டிவிட்டு, பாடக்குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.